இருபத்துநாலுக்கு முப்பத்தாறு

கன்னத்தில் ஓங்கி அறைந்தால் ஐந்து விரலும் பதியும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. கதை எழுதுகிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ‘அஞ்சு விரலும் பதிய’ என்றே சொல்லிவருகிறார்கள். ஒருவர்கூட எண்ணிப் பார்த்ததில்லை. இது மனித குலம் கூடிய சீக்கிரம் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை. கட்டைவிரல் பதியாது. கை வீசி வரும்போது அது மற்ற நாலு விரலிலிருந்தும் விலகி மேலே நிமிர்ந்துகொள்ளும். அடி விழும் நேரத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் நிற்கும். ஆகவே நாலு. அந்த நாலும் ஒழுங்காகப் பதியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இவ்வளவையும் ஆவுடையப்பனால் ஆதாரத்தோடு நிரூபிக்க முடியும். ஆதாரம் அவருடைய சட்டைப்பையில், ஒரு பென் டிரைவில் இருந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு கம்ப்யூட்டர் கடையில், காலை பதினொன்றேகால் மணிக்கு, ஆளுயர நீளத்தில் படுத்துக் கிடந்த இரண்டு பிரிண்டர்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்துநாலு. நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருஷம் வரைபடம் போட்டவர். யாராவது ‘சுமார்’ என்று சொன்னால் அவருக்குக் காது கூசும்.

“வீட்டுக்கா ஐயா?” என்று கடைப் பெண் பெனிட்டா மூன்றாவது தடவையாகக் கேட்டாள். “வீட்டுக்கு இம்புட்டுப் பெரிசு யாரும் வாங்க மாட்டாங்க. ஸ்டுடியோக்காரங்கதான் வாங்குவாங்க. ஒரு போட்டோதான்னா லேப்ல குடுத்தா சாயங்காலம் வாங்கிக்கிடலாம்லா?” விற்க வேண்டியவளே வேண்டாம் என்கிறாள், நல்ல பிள்ளை, என்று நினைத்தார். அதே மூச்சில், உன் வேலையைப் பார், என்றும் நினைத்தார். வெளியே சொன்னது, “லேப்ல குடுக்கதுக்கில்ல” என்பது மட்டும். “சரி, ஒங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, வாங்கிட்டுச் சும்மா வைக்கக் கூடாது. வாரம் ஒரு தடவையாவது அடிக்கணும். இல்லேன்னா உள்ள மை காஞ்சு அடைச்சிக்கிடும்.” பின்னால் ஒரு ஆள் செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, மதுரை வரைக்கும் கேட்கிற குரலில் டோனர் விலை பேசிக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் காலரைப் பின்புறமாகப் பற்றினால், இரண்டு எட்டில் மாடிப்படி. மொத்தம் பதினேழு படி, ஏறும்போதே எண்ணிவிட்டார். ஏழாவது படியில் திருப்பம். அங்கே சுவர் முனை அவன் நெற்றியை வாங்கிக்கொள்ளும். ஆவுடையப்பன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இது புதுப் பழக்கம் இல்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், டாக்டர் வீட்டில், எங்கும் இப்படித்தான் உட்காருவார். கேட்டால் மூட்டுவலி என்பார்.

வடிவு போன மாதம்தான் பேசினாள். வடிவு, வடிவாம்பிகை, ஒரே மகள், நாற்பத்துநாலு வயது, புனேயில் இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தாள், அம்மாவைத் தூக்குகிற அன்றைக்கு. அன்றும் தெருவில் நின்று பார்த்துவிட்டு, வாசற்படி மிதிக்காமல் அப்படியே ரயிலுக்குப் போய்விட்டாள். இவர்தான் இப்போது கூப்பிட்டார். கண்புரை, சர்க்கரை, மழை பெய்யவில்லை என்று சுற்றிச் சுற்றிப் பேசிக் கடைசியில், ஒரு தடவை வந்துட்டுப் போயேன் தாயி, என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு அவள் ஒரு படத்தை அனுப்பினாள், கூடவே நாலு வரி. ‘ஒங்க ரிட்டயர்மென்ட் போட்டோ என்ன சைசோ அந்த சைசு. அதே சுவர், அதுக்குப் பக்கத்துல. டச்சப் கூடாது. மாட்டினதும் சொல்லுங்க, வாறேன்.’ ரிட்டயர்மென்ட் போட்டோ, சால்வையும் சந்தனமாலையுமாக அவர் நிற்கிற, தெருவிலிருந்தே தெரிகிற போட்டோ, இருபத்துநாலு அங்குலத்துக்கு முப்பத்தாறு. அளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் மறுபடி ஸ்டூல் போட்டு ஏறி அளந்தார். அதே முப்பத்தாறு. முதல் லேப்பில் கொடுத்தபோது அந்தப் பையன் சொல்லாமலே கன்னத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, “முகத்துல என்னமோ இருந்துச்சு சார், ஃப்ரீயாவே எடுத்துட்டேன்” என்று சிரித்தான். இரண்டாவது லேப்பில், எதையும் தொடக்கூடாது என்று தாளில் எழுதியே கொடுத்தார். அவர்களும் எடுத்துவிட்டார்கள். “பொம்பளப் பிள்ள முகத்துல அடையாளத்தோட போட்டோ வெளிய போச்சுன்னா எங்க கடைப் பேரு என்னத்துக்கு ஆகும்?” என்று முதலாளி இவரிடமே நியாயம் கேட்டார். மூன்றாவது லேப்பின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு திரும்பினார். உள்ளே ஒருவன், இது என்ன என்று கேட்டுவிட்டால்? எடுத்துவிடுகிற ஊரில் ஒருவன் எடுக்காமல் கேட்டுவிட்டால்? அந்தப் பயத்துக்கு முன்னால் ஒரு பிரிண்டரின் விலை பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, தானே அச்சிட்டுத் தானே ஆணியடித்து மாட்டிக்கொள்ளலாம்.

வெள்ளை மெஷினில் முதல் பிரிண்ட் முடிந்திருந்தது. அது அவர் மடியில் சுருண்டு கிடந்தது. ஆறு மை, விலை மலிவு, அடக்கமான சத்தம். விரித்துப் பார்த்தபோது வடிவு இருந்தாள், இருபத்திரண்டு வயது, மஞ்சள் ஜாக்கெட், கனகாம்பரம், கன்னம் வெண்ணெய்க் கட்டி மாதிரி. நாலில் ஒன்றையும் காணோம். “இதுல ஸ்கின் கரெக்‌ஷன் தன்னால நடக்கும் ஐயா, நம்ம ஒண்ணும் செய்யாண்டாம். ஆஃப் பண்ணவும் முடியாது” என்று பெனிட்டா பெருமையாகச் சொன்னாள். அப்போது நெஞ்சுக்குள் ஒரு சுகம் இறங்கியதே, அதுதான் அவரைக் கலக்கியது. முழு ரயிலும் தலைக்கு மேலே போய்விட்டபின் தண்டவாளத்துக்கு நடுவே கண் திறந்தவனுக்கு இப்படித்தான் இருக்கும். உடனே புத்தி கணக்குப் பிள்ளை மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. டச்சப் என்றால் என்ன? மனிதன் கையால் செய்கிற திருத்தம். இதில் யார் கை பட்டது? யாருடைய கையும் படவில்லை. மெஷினின் சுபாவம் அது. வடிவு விதித்த நிபந்தனை எழுத்துக்கு எழுத்து நிறைவேறுகிறது. வந்து பார்த்து முறைத்தால், பெரிய மெஷினம்மா, வாங்கிப் போட்டிருக்கேன், அது அப்படித்தான் அடிக்குது, என்று சொல்லலாம். சொல்லும்போதே அவள் முகம் எப்படி ஆகும் என்று தெரிந்தது. எப்படி ஆகும் என்று தெரிந்ததும் அந்தப் பழைய சூடு, இருபத்திரண்டு வருஷத்துச் சூடு, ஏறியது. என்னையே முறைக்கிறாயா? தொடைக்கு அடியில் கை புரண்டது. இங்கே அவள் இல்லை, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாள், இன்னும் வரவே இல்லை, வருவது போல நினைத்த மாத்திரத்தில் கை எழும்புகிறது. சவமே, என்று கையைத் திட்டினார். “என்ன ஐயா?” என்றாள் பெனிட்டா. “ஒண்ணுமில்ல. அந்தக் கறுப்புலயும் ஒண்ணு போட்டுக் காமி” என்றார். இன்னும் ஒன்று பார்க்காமல் முடிவு செய்வது முறையல்ல என்பதற்காகச் சொன்னாரே தவிர வேறெந்த உத்தேசமும் இல்லை.

கறுப்பு மெஷினுக்குப் பன்னிரண்டு மை. “இது உள்ளதை உள்ளபடி அடிக்கும், ஒண்ணையும் கூட்டாது குறைக்காது. ஆனா பத்தொம்பது நிமிஷம் ஆகும்” என்றாள். காகிதச் சுருள் ஒரு தடவை உதறிக்கொண்டது. உள்ளே அச்சுத்தலை இடமிருந்து வலம் ஓடிப் போய் முட்டி, வலமிருந்து இடம் திரும்பி முட்டியது. பளார், நிறுத்தம், பளார். காகிதம் ஒரு நூலளவு வெளியே வந்தது. ஸ்டுடியோவின் நீலத் திரை. இன்னும் ஒரு நூல் நீலம். இப்படி ஒரு நிதானம் அவர் அப்பாவுக்கும் இருந்தது; கிணற்றுக் கயிற்றை நாலாக மடித்து, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொள்வார். நனைந்த கயிறுதான் அதிகம் வலிக்கும் என்பார்கள். அதுவும் பிழை. காய்ந்த கயிறு தோலைக் கிழிக்கும். நனைந்தது தோலை விட்டுவிட்டு உள்ளே போகும். இரண்டையும் தனித்தனியே அனுபவித்துப் பார்த்தவர் சொல்கிறார். பிறகு அந்தக் கை எப்போது இவருடைய கையாயிற்று என்பதற்குத் தேதி கிடையாது. நிலம் அளக்கிற சங்கிலியை இழுக்கிற ஆள் ஒருவனை, அளவுக்கு நடுகிற கொடிக்கம்பால் விலாவில் அடித்தார். அவன் மறுநாள் அரைக்கட்டு முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான், அடி வாங்கியவன்! வீட்டில் பித்தளைத் தட்டு ஒரு தடவை பறந்தது. தட்டில்தான் நெளிவு விழுந்தது என்று அன்றைக்கு அவர் மனைவி எல்லோரிடமும் சொன்னாள், கழுத்தைத் திருப்பாமலே சொன்னாள். தட்டும் நெளிந்தது என்பதே சரி.

நெற்றி வந்துவிட்டது. வகிடு, நெற்றிச்சுட்டி இல்லை, சின்னப் பொட்டு. நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊரில் பங்காளிகளுக்குள் வெட்டு நடந்து மறுநாள் காலை அளக்கப் போனது ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. பொட்டின் நிறமாக இருக்கும். ஒன்றரை அடி வரப்புக்காக அண்ணன் தம்பி கையை முழங்கையோடு எடுத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. அளந்து பார்த்தால் பதினாறு அங்குலம். பதினெட்டு இல்லை. அதை அறிக்கையில் எழுதினார், தாசில்தாரிடமும் சொன்னார். இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்கிற ஊரைப் பற்றி வீட்டில் வந்து ஒரு வாரம் பேசினார். சங்கிலி ஈர மண்ணில் இழுபட்டுச் சிவந்து வந்தது. பம்புசெட்டில் கழுவச் சொன்னார். மத்தியானம் அங்கேயே வேம்படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார், நாரத்தங்காய் ஊறுகாயோடு. ஊறுகாயின் ருசிகூட இப்போது நாக்கில் நிற்கிறது. அந்தத் தம்பியின் பெயர் நிற்கவில்லை. மற்றவன் செய்த வெட்டை அளப்பதற்கு அவரிடம் எப்போதும் சங்கிலி இருந்தது. தன் கை போன தூரத்தை அளக்கத் தோன்றியதே இல்லை. ஓர் அடி, அவ்வளவுதானே? பெற்ற பிள்ளைக்கு ஓர் அடி. ஊரில் எந்த அப்பன் அடிக்கவில்லை? எந்தப் பிள்ளை இருபத்திரண்டு வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறது? பளார், நிறுத்தம், பளார். கண்கள் வந்துவிட்டன.

கண்களை அவர் எதிர்பார்க்கவில்லை. போஸ்ட்கார்டு அளவில் அவை இரண்டு கறுப்புப் புள்ளிகள், செல்போனில் அதுவும் இல்லை; வெள்ளை மெஷின் பிரிண்டில் கன்னத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். இங்கே ஒவ்வொன்றும் இரண்டு அங்குல அகலம் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஸ்டுடியோ விளக்குக் குடை வெள்ளையாக விழுந்திருந்தது. குடைக்குப் பக்கத்தில் நிழலாக ஓர் ஆள் நிற்கிறான். ஆள் இல்லை, ஸ்டாண்டு. ஸ்டாண்டாகத்தான் இருக்க வேண்டும். அன்று மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுக்க ஜங்ஷன் ஸ்டுடியோவுக்கு அவர்தான் கூட்டிப்போனார். வெயில். வடிவு முக்காலியில் உட்கார்ந்தாள். விளக்கெல்லாம் போட்டாயிற்று. போட்டோக்காரர் லென்ஸ் துடைக்கிற துணி எடுக்கக் கீழே குனிந்தார். அந்த நேரம் பார்த்து அவள் சத்தமில்லாமல், “எப்பா, எனக்கு புனேல வேலை கெடச்சிருக்கு. இந்த மாப்பிள்ளைக்குச் சிரிச்சுக் காட்ட என்னால ஏலாது” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எதிர்த்துப் பேசினாள் என்று பின்னால் எல்லோரிடமும் சொல்லிவந்தாரே, அது துல்லியமில்லை. அவள் சொல்லி முடிக்கும் முன்பே கை போய்விட்டது. போட்டோக்காரர் நிமிர்ந்து, கேமரா தயாராக இருந்ததால் பழக்கத்தில் ஒரு தடவை அழுத்திவிட்டார். பிறகுதான் கன்னத்தைப் பார்த்தார். பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினார். பவுடருக்குப் பின், முகத்தை மறுபக்கம் திருப்பி எடுத்த இரண்டும்தான் ஊர் சுற்றின. பவுடருக்கு முன் எடுத்த ஒன்றின் நெகட்டிவை அவள் பிறகு தனியாகப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறாள். அடுத்த மாதம் புனேக்குப் போகும்போது பெட்டியில் அது இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சின்னச் சதுரத்தை எந்த டப்பாவில் போட்டு வைத்திருந்தாளோ.

கன்னம் இறங்கியது. ஆவுடையப்பன் எழுந்து குனிந்தார். ஒன்று, ஆள்காட்டி விரல், கன்ன எலும்புக்கு மேலே, தெளிவாக. இரண்டு, நடுவிரல், கணுக்கள்கூடத் தெரிகின்றன. இரண்டாம் கணுவில் மோதிர அச்சா? இல்லை, மோதிரம் அடுத்த விரலில். மூன்று, மோதிர விரல், ஆமாம், அதில் உள்பக்கம் புரண்டிருந்த மோதிரத்தின் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் அவர் பெயரின் முதலெழுத்துப் போல ஒரு மேடு. வெள்ளை மெஷினில் இவை எல்லாம் எங்கே போயிருந்தன? எங்கும் போகவில்லை, இதே படத்தில்தான் இருந்திருக்கின்றன. நாலாவதைத் தேடினார். பல வருஷமாகத் தேடுகிறார் என்பதே உண்மை. மூன்றுதான் பட்டது, சுண்டுவிரல் படவே இல்லை, ஆகவே முழு அடிகூட இல்லை, முக்கால் அடி, என்று ராத்திரிகளில் ஒரு கணக்கு வைத்திருந்தார். பளார், நிறுத்தம், பளார். காதின் அடிப்பக்கம் வந்தது. சுண்டுவிரல் அங்கே இருந்தது. காது மடலில் கம்மலைத் தேய்த்துக்கொண்டு போயிருந்தது. கம்மல் ஒரு பக்கமாகத் திரும்பி, துளை கீழ்நோக்கி நீண்டு பிளந்திருந்தது. பிளவின் நுனியில் மிளகளவு ஒரு புள்ளி.

“ஐயா, தூசி” என்றாள் பெனிட்டா. அவளும் அவர் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “பழைய நெகட்டிவ்ல இப்பிடித்தான் தூசி ஒக்காந்துக்கிடும். காதுல ஒண்ணு, பாருங்க, கழுத்துல ஒரு கோடு, இப்ப வரப்போற ஜாக்கெட்லயும் ஒண்ணு இருக்கு, ஸ்கிரீன்ல பாத்தேன். கன்னத்துலயும் ஏதோ நிழலு. நிப்பாட்டிட்டு எல்லாத்தையும் எடுத்துரட்டா? ரெண்டு நிமிஷம்.”

எடுத்துரு, என்று சொல்ல வாய் திறந்தது. நாக்கு ‘எ’ என்ற இடத்துக்குப் போய்விட்டது. ரெண்டு நிமிஷம். இவ்வளவு கருணையான ஊர் இது, எந்தக் கடைக்குப் போனாலும் துடைத்துக் கொடுக்கிறார்கள். டச்சப் இல்லையம்மா, தூசி எடுத்தோம். தூசி எடுப்பதை யாராவது குற்றம் சொல்வார்களா? அச்சுத்தலை முட்டித் திரும்பியது. கழுத்து வந்தது. கோடு காதிலிருந்து புறப்பட்டு, கழுத்து நரம்போடு இறங்கிக்கொண்டிருந்தது. அடி பட்ட மறு நொடியில் எடுத்த படம். அப்படியானால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. அவர் அப்போது எங்கே நின்றார்? ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். கண்ணில் விழுந்த நிழல் ஸ்டாண்டு இல்லை. அந்தப் பெண், விளக்கைப் பார்க்காமல், கேமராவைப் பார்க்காமல், ஓங்கிய கை இன்னும் முழுசாக இறங்காத ஒருவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அடுத்தது வருமா என்று.

“தூசி இல்லம்மா” என்றார்.

“பின்ன?”

“ரத்தம்.”

“ஐயய்யோ. கீழ விழுந்துட்டாங்களா? யாரு, ஒங்க மகளா?”

“விழல. நான் அடிச்சேன்.” குரல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. டோனர் விலை பேசியவன் பேச்சை நிறுத்தினான். ஆரம்பித்துவிட்டால் சரியாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்கிற பழக்கத்தில் ஆவுடையப்பன் மேலும் சொன்னார்: “கன்னத்துல இருக்கது நிழல் இல்ல. மூணு வெரல். நாலாவது காதுல. ஒண்ணையும் எடுக்காண்டாம்.”

பெனிட்டா நிமிர்ந்து, அவர் தோளை விட்டு ஒரு எட்டு தள்ளி நின்றாள். மெஷின் மிச்ச நிமிஷங்களை எடுத்துக்கொண்டது. மஞ்சள் ஜாக்கெட் தோளில் அந்தப் புள்ளியும் வந்தது, நாலணாக் காசளவு. கடைசியில் உள்ளே ஒரு கத்தி ஓடிக் காகிதத்தை அறுத்தது. அவரே இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் விரித்து, செல்போனில் படம் எடுத்து, வடிவுக்கு அனுப்பினார். மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கியிருந்ததால் மூன்று தடவை தப்பான இடத்தைத் தொட்டார். அனுப்பிய ஐந்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். காது மந்தம் என்பதால் அவர் போன் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். கடை முழுக்கக் கேட்டது.

“எங்க அடிச்சீங்க இத?”

“கடையில. மெஷின் பாத்துக்கிட்டிருக்கேன். வீட்டுக்கு.”

“போட்டோவுக்காக மெஷினே வாங்குதீங்களா? ஒங்க வீம்பு இருக்கே.” சிரித்தாளா, மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை.

“வடிவு. காது கிழிஞ்சது எனக்குத் தெரியாது தாயி.”

“அத அப்பிடியே எழுதி கீழ ஒட்டுங்க. ‘தெரியாது’ன்னு. அம்மா தாலிச் செயின அடகு வச்சிட்டு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு தையல் போட வச்சா. ஒங்களுக்கு அதுவும் தெரியாது.”

 தெரியாது என்பது இந்த இடத்தில் முழு உண்மையா, முக்கால் உண்மையா என்று புத்தி எழுந்து வந்தது. அதை உட்காரச் சொன்னார்.

“சனிக்கிழம வாறேன்” என்றாள் வடிவு. “ஸ்டேஷனுக்கு வராதீங்க. சமையலுக்கு ஆளெல்லாம் வைக்காண்டாம். மாட்டியிருக்கா, பாக்கணும். அவ்வளவுதான்.” வைத்துவிட்டாள்.

ஆவுடையப்பன் மடியிலிருந்து விழுந்த வெள்ளை மெஷினின் பிரிண்டை எடுத்து, நாலாக மடித்து, கடைக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கறுப்பு மெஷினைக் காட்டினார். படம் கையில் வந்துவிட்டாலும் இவ்வளவு நேரம் ஓடவிட்டு வாங்காமல் போவது முறையல்ல; இதுதான் என்றார். பெனிட்டா மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பெயர், விலாசம், டெலிவரி நாள் எல்லாம் அங்கிருந்தே கேட்டு எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை ஒரு நீள ஸ்கேலின் நுனியால் அவர் பக்கம் தள்ளினாள்.